பிளேசான்ஸ் ரன்வேயிலிருந்து சாட்டிலைட் அனுப்ப முடியுமா?

மொரிசியஸின் காத்ர் போர்னில் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "இஸ்ரோவின் புஷ்பக், ஆளே இல்லாமல் ரன்வேயில் வந்து இறங்குவதை வீடியோவில் பார்த்தேன். இந்த மாதிரி ஒரு விண்விமானம் இருந்தால் நம் பிளேசான்ஸ் விமான நிலையத்திலிருந்தே சாட்டிலைட்டை மலிவாக அனுப்பிவிடலாமே? ஒவ்வொரு தடவையும் ராக்கெட்டைக் கடலில் போடுவதைவிட இது லாபம்தானே? இத்தனை வருஷமாகப் பேசுகிறார்கள், ஏன் இன்னும் வரவில்லை?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. மேலே ஏறுவதற்கு இறக்கை அதிகம் உதவாது, இறங்குவதற்குத்தான் உதவும். செலவு குறைவது வேறு இடத்தில்: இறங்கிய வண்டியை எவ்வளவு குறைந்த வேலையில், எவ்வளவு சீக்கிரம் மறுபடி கிளப்ப முடிகிறது என்பதில். நான் விமானப் பராமரிப்பில் இருப்பவன், அதனால் இந்த இரண்டாவது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இனி விவரத்துக்கு வருகிறேன்.

விண்வெளி என்றதும் எல்லோருக்கும் உயரம்தான் தோன்றும். உயரம் சின்னப் பிரச்சினை, வேகம்தான் பெரிய பிரச்சினை. 400, 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்டிலைட் விழாமல் சுற்ற வேண்டுமானால் அது நொடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் போக வேண்டும். இங்கிருந்து பாரிஸுக்குப் போகிற ஜெட் விமானம் நொடிக்குக் கால் கிலோமீட்டர் போகிறது. இயங்கு ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஜெட் விமானம் தருவது தேவையான ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். சரி, ஜெட் வேண்டாம், காற்றை உறிஞ்சி ஒலியைப் போல் 5 மடங்கு வேகத்தில், அதாவது மாக் 5-இல் பறக்கிற எஞ்சின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோமீட்டர் உயரத்தில் அது நொடிக்கு 1.5 கிலோமீட்டர். அப்போதும் நூற்றில் 4 பங்குதான் முடிந்திருக்கும். மீதி 96 பங்கையும் காற்றே இல்லாத இடத்தில் ராக்கெட்தான் செய்தாக வேண்டும்.

அடுத்தது எடை. காற்றின் தடையையும் புவியீர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் சுற்றுப்பாதைக்குப் போக மொத்தம் நொடிக்கு 9.3 கிலோமீட்டர் அளவுக்கு வேகமாற்றம் தேவை. ரொம்பத் திறமையான எரிபொருள் ஜோடி திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். அந்த எஞ்சினிலிருந்து வாயு நொடிக்கு 4.4 கிலோமீட்டர் வேகத்தில் பீறிடும். ராக்கெட் சமன்பாட்டில் இந்த இரண்டையும் போட்டால், நடுவில் எந்தப் பகுதியையும் கழற்றிப் போடாமல் ஒரே கட்டமாகப் போகிற 100 டன் வண்டியில் 88 டன் எரிபொருளாகவே இருக்க வேண்டும். மிச்சம் 12 டன். டாங்கு, எஞ்சின், இறக்கை, வால், சக்கரம், வெப்பக் கவசம், கம்ப்யூட்டர், வயரிங், கடைசியாக உங்கள் சாட்டிலைட், எல்லாம் அந்த 12 டன்னுக்குள் அடங்க வேண்டும். மண்ணெண்ணெய் வகை எரிபொருளானால் மிஞ்சுவது 6 டன்கூட இல்லை.

இப்போது என் தொழில் பக்கத்திலிருந்து ஒன்று. பெரிய பயணி விமானங்களில் சக்கரத் தொகுதி மட்டுமே, கிளம்பும்போதுள்ள மொத்த எடையில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு பிடிக்கும். எரிபொருள் நிரம்பிய முழு எடையையும் அதுதானே தாங்கி ஓட வேண்டும்? 12 டன்னில் 4 டன் சக்கரத்துக்கே போனால் எஞ்சினை எங்கே வைப்பது? பிரிட்டனில் 1980-களில் வடிவமைத்த ஹோட்டால் என்ற விண்விமானம், சக்கரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டு, ஒரு தள்ளுவண்டியின் மேல் ஓடிக் கிளம்புவதாக இருந்தது. அதற்குப் பின் வந்த ஸ்கைலான் திட்டத்தில் இன்னொரு யுக்தி: டேக்-ஆஃபை நடுவில் கைவிட நேர்ந்தால் பிரேக் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடும், பத்திரமாகக் கிளம்பிவிட்டால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும். பிரேக்கின் எடைக்கே இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது என்றால் மற்றதை யோசித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கட்ட வண்டியில் டிசைன் செய்பவர் 1 டன் தவறிவிட்டால் அந்த 1 டன்னும் சாட்டிலைட்டின் பங்கிலிருந்துதான் கழியும். சாட்டிலைட்டே 1 டன்தான் என்றால் வெறும் வண்டி போய் வெறும் வண்டி வரும்.

"ஆக்சிஜனை ஏன் சுமக்க வேண்டும், காற்றில்தான் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். எல்லோரும் மயங்கும் இடம் இதுதான். ஹைட்ரஜன் 1 கிலோவுக்கு ஆக்சிஜன் 6 கிலோ தேவை, ஆக எரிபொருள் எடையில் பெரும்பகுதி ஆக்சிஜன்தான். ஆனால் திரவ ஆக்சிஜன் மலிவான சரக்கு. தண்ணீரைவிட அடர்த்தியானது, சின்ன டாங்கில் அடங்கிவிடும். இடத்தை அடைப்பது ஹைட்ரஜன்தான்: 1 கன மீட்டரில் 71 கிலோதான் பிடிக்கும். தவிர, நல்ல ராக்கெட் எஞ்சின் தன் எடையைப் போல் 100 மடங்குக்கும் மேல் உந்துவிசை தரும். ஜெட் எஞ்சின் 10 மடங்கு தந்தாலே பெரிய விஷயம். ஆக்சிஜனை மிச்சப்படுத்தப் போய் அந்த இடத்தில் எஞ்சின் எடையை ஏற்றிவைக்கிறோம். மாக் 5 தாண்டியதும் அந்த எஞ்சின் வெறும் சுமைதான்.

இந்தச் சிக்கலை ரொம்ப அழகாக அவிழ்க்கப் பார்த்தவர்கள் ஸ்கைலான்காரர்கள். அவர்களுடைய சேபர் எஞ்சின் ஒரே கூட்டுக்குள் ஜெட்டாகவும் ராக்கெட்டாகவும் வேலை செய்யும். மாக் 5-இல் எஞ்சினுக்குள் நுழைகிற காற்று 1000 டிகிரி சூட்டில் இருக்கும். அதை இமைக்கும் நேரத்தில் குளிர்வித்துவிட, முடியைவிட மெல்லிய சுவர் கொண்ட ஆயிரக்கணக்கான குழாய்களைச் சுருட்டி ஒரு குளிர்விப்பான் செய்தார்கள். 2019-இல் அமெரிக்காவின் கொலராடோவில் அந்தச் சூட்டிலேயே சோதித்து ஜெயித்தும் காட்டினார்கள். பொறியியலாக எனக்குப் பிடித்த வேலைகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் முழு எஞ்சினுக்கும், அதன்பின் முழு விமானத்துக்கும் தேவையான பணம் வரவில்லை. 2024 அக்டோபர் கடைசியில், அந்த எஞ்சினைச் செய்துவந்த ரியாக்ஷன் எஞ்சின்ஸ் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது.

அமெரிக்கர்களுக்கும் இதே கதைதான். 1986-இல் அதிபர் ரேகன் அறிவித்த எக்ஸ்-30 விண்விமானத் திட்டம் 1993-இல் நின்றது. 1996-இல் தொடங்கிய எக்ஸ்-33-இல் ஹைட்ரஜன் டாங்கை எடை குறைவான கலப்புப் பொருளில் செய்தார்கள். 1999 நவம்பரில் திரவ ஹைட்ரஜன் நிரப்பிச் சோதித்தபோது அதன் அடுக்குகள் பிரிந்துவிட்டன. 2001-இல் திட்டத்தையே மூடினார்கள். ஒரு டாங்கு உரிந்ததற்கு ஒரு திட்டமே போக வேண்டுமா என்று கேட்கலாம். உலோக டாங்குக்கு மாறவும் திட்டமிட்டார்கள், ஆனால் மேற்கொண்டு நாசா பணம் தரவில்லை.

இனி நாசாவின் ஷட்டில் விண்விமானம். "மறுபடி பயன்படுத்தினால் மலிவு" என்ற நம்பிக்கைக்கு வந்த பெரிய சோதனை அதுதான். 1981-லிருந்து 2011 வரை 135 பயணங்கள். வாரத்துக்கு ஒன்று போகும் என்கிற அளவுக்குப் பேசித்தான் தொடங்கினார்கள். அதிகம் பறந்த ஆண்டான 1985-இல்கூட 9 தடவைதான். ஒரே ஓர்பிட்டர் (ஷட்டிலின் விமானம் போன்ற பகுதி) மிக வேகமாக மறுபடி கிளம்பியதும் அந்த வருஷம்தான்: அட்லான்டிஸ் அக்டோபர் 3-இல் கிளம்பியது, அடுத்தது நவம்பர் 26. இடையில் 54 நாள். சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு அந்த வேகத்தை எட்டவே இல்லை.

அந்த 54 நாளில் என்னதான் செய்தார்கள்? ஓர்பிட்டரின் வயிற்றிலும் பக்கங்களிலும் வெப்பம் தாங்க 24,000-க்கு மேல் சிலிக்கா ஓடுகள். பெரும்பாலும் ஒன்றின் வடிவம் இன்னொன்றுக்கு இருக்காது, ஒவ்வொன்றுக்கும் தனி எண். அந்த ஓடு பஞ்சு மாதிரி தண்ணீரை உறிஞ்சும் ரகம். அதற்காகத் தண்ணீர் ஒட்டாத ரசாயனம் ஏற்றியிருப்பார்கள், ஆனால் திரும்பி வரும்போது அடிக்கிற சூட்டில் அந்த ரசாயனம் எரிந்து போய்விடும். ஆக ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஓடு ஓடாக ஊசி போட்டு மறுபடி அதை ஏற்ற வேண்டும். விரிசல் விட்ட ஓட்டைக் கழற்றி, புதிதாக வெட்டி, ஒட்டி, காயவிட்டு, இழுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பிளேசான்ஸில் ஒரு அகல உடல் விமானம் இறங்கினால் டயர், எண்ணெய், பிரேக் தேய்மானம், வெளிச்சுற்றுப் பார்வை, லாக் புத்தகத்தில் கையெழுத்து, இவ்வளவுதான், இரண்டு மூன்று மணி நேரத்தில் கிளம்பிவிடும். பெரிய செக், அதாவது முழுப் பரிசோதனை, மாதக் கணக்கில் தள்ளித்தான் வரும். ஷட்டிலுக்கோ ஒவ்வொரு பயணமும் பெரிய செக். திட்டத்தின் மொத்தச் செலவைப் பயண எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பயணத்துக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர் வருகிறது. ஓர்பிட்டரோடு ஒட்டிப் போகிற வெளி எரிபொருள் டாங்கை ஒவ்வொரு தடவையும் தொலைத்தார்கள் என்பது உண்மை, ஆனால் பணத்தைத் தின்றது அந்த டாங்கு இல்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் சம்பளம் வாங்கிய ஆயிரக்கணக்கான ஆட்களும் கூடங்களும்தான்.

இந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர்களும் இருந்தார்கள். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா கேட்ட எக்ஸ்எஸ்-1 திட்டத்தில் இலக்கே "10 நாளில் 10 பயணம்" என்பதுதான். ராக்கெட் மாதிரி நின்று கிளம்பி விமானம் மாதிரி இறங்குகிற முதல் கட்டம், அதன் முதுகில் தூக்கி எறியக்கூடிய சின்ன இரண்டாம் கட்டம். 1,300 கிலோவுக்கு மேல் ஏற்றும், ஒரு பயணம் 50 லட்சம் டாலர் என்று இலக்கு வைத்தார்கள். 2018-இல் அதன் எஞ்சினை 240 மணி நேரத்துக்குள் 10 முறை ஓட்டியும் காட்டினார்கள். ஷட்டில் எஞ்சினிலிருந்து வந்த அதே வகை எஞ்சின் இப்படி ஓடியது சின்ன விஷயமில்லை. 2020 ஜனவரியில் போயிங் விலகியது, திட்டம் படுத்தது. விண்விமான யோசனைகளிலேயே எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது இதுதான். காரணம், இறக்கையை அவர்கள் வைத்த இடம். சுற்றுப்பாதைக்குப் போகிற கட்டத்தில் 1 கிலோ கூடினால் சுமையில் 1 கிலோ போய்விடும். முதல் கட்டத்தில் 1 கிலோ கூடினால் சுமையில் அதன் சிறு பங்குதான் குறையும். கனமான சாமானைக் கீழ்க் கட்டத்தில் வை, அதை மட்டும் மீட்டுக்கொள் என்பதுதான் அந்த யோசனை.

அதே யோசனையை இறக்கை இல்லாமல் செய்ததுதான் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட். திரும்பி வரக் கொஞ்சம் எரிபொருளும் நாலு காலும் சுமக்கிறது. எல்லாவற்றையும் தொலைத்தால் 22.8 டன் ஏற்றக்கூடிய ராக்கெட், முதல் கட்டத்தைக் கடலிலுள்ள மிதவை மேடையில் இறக்கினால் 17 டன் சொச்சம்தான் ஏற்றும். அந்த நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டார்கள். 2015 டிசம்பரில் முதல் தரையிறக்கம், 2017 மார்ச்சில் முதல் மறுபயணம், 2025 மார்ச்சில் ஒரு பூஸ்டர் (அந்த முதல் கட்டம்தான்) 9 நாளிலேயே மறுபடி கிளம்பியது. நமக்குச் சொந்தமான ஒரு சங்கதியும் இதில் உண்டு. மொரிசியஸின் முதல் சாட்டிலைட் மிர்-சாட்1, 2021 ஜூன் 3-ஆம் தேதி விண்வெளி நிலையத்துக்குப் போன சரக்கோடு போனதல்லவா? அதைத் தூக்கிய பூஸ்டர் அன்றைக்குப் புத்தம் புதியது, பி1067 என்று எண். அதே பூஸ்டர் 2025-க்குள் 30 தடவைக்கு மேல் பறந்து முடித்து, ஃபால்கன் கூட்டத்திலேயே அதிகம் உழைத்ததாக நிற்கிறது. ஷட்டில் கூட்டத்திலேயே அதிகம் பறந்த டிஸ்கவரி அதன் ஆயுள் முழுக்க, 27 ஆண்டுகளில், 39 பயணம்.

கூடவே இதையும் சொல்ல வேண்டும்: ஃபால்கனுக்கு அடிக்கடி பறக்க ஸ்டார்லிங்க் இணைய சாட்டிலைட்டுகள் என்ற சொந்தச் சரக்கு இருந்தது. 2024-இல் 130 பயணத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி அந்தச் சரக்குதான். ஒரு விண்விமானம் செய்ய 100 கோடி டாலர் ஆகிறது என்று வையுங்கள். 100 தடவை பறந்தால் தடவைக்கு 1 கோடி. வருஷத்துக்கு 4 தடவைதான் சரக்கு கிடைக்கிறது என்றால் போட்ட முதலை எடுக்க 25 வருஷம். அதுவரை வட்டி யார் கட்டுவது? சிறு சாட்டிலைட்டுக்கென்று வந்த விண்விமான நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுந்தன, காற்றியலில் இல்லை.

விமானத்தின் அடியில் ராக்கெட்டைக் கட்டி மேலே போய் விடுகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெகசஸ் என்ற ராக்கெட் 1990-லிருந்து அப்படிப் பறந்தது. வேலை செய்தது, ஆனால் கிலோ கணக்கில் பார்த்தால் விலை அதிகம். விர்ஜின் ஆர்பிட் ஒரு பழைய 747-ஐ வைத்துச் செய்தது. 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து போனபோது ராக்கெட்டின் எரிபொருள் வடிகட்டி ஒன்று இடம்பெயர்ந்து பயணம் கெட்டது, ஏப்ரலில் கம்பெனி திவால். விமானம் தருவது அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்பதை மறந்துவிட வேண்டாம். ஆனால் மழை மேகத்தைத் தாண்டிப் போகலாம், ஏவுதளம் கட்ட வேண்டியதில்லை.

புஷ்பக்குக்கு வருவோம். நீங்கள் பார்த்தது இறக்கம் மட்டும். 2023 ஏப்ரல், 2024 மார்ச், 2024 ஜூன் என மூன்று தடவை கர்நாடகத்தில் சித்ரதுர்கா அருகே ஹெலிகாப்டர் அதை 4.5 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப்போய் விட்டது, அது தானாக ரன்வேயைத் தேடி இறங்கியது. மூன்றாவது தடவை வேண்டுமென்றே 500 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, கடுங்காற்றில் சோதித்தார்கள். இறங்கும் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல், பயணி விமானத்துக்கு 260 போதும். சின்ன இறக்கை, எஞ்சின் கிடையாது, "இன்னொரு சுற்று வருகிறேன்" என்று சொல்லவும் முடியாது. பைலட்டே இல்லாமல் அதைச் செய்தது லேசான காரியமில்லை. அதற்கு முன் 2016 மே 23-இல் 1.75 டன் மாதிரி ஒன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து திட எரிபொருள் ராக்கெட்டின் தலையில் உட்கார்ந்து 65 கிலோமீட்டர் உயரம் போய், மாக் 5-இல் திரும்பி, வங்கக் கடலில் இறங்கியது. அடுத்த படி, இதைவிடப் பெரிய ஒன்றை ராக்கெட்டில் சுற்றுப்பாதைக்கே அனுப்பி இறக்குவது.

பாருங்கள், எங்கேயும் புஷ்பக் ரன்வேயிலிருந்து கிளம்பவில்லை. அமெரிக்காவின் ஆளில்லா விண்விமானம் எக்ஸ்-37பி-யும் அப்படித்தான்: 2010-லிருந்து ராக்கெட்டின் தலையில் போகிறது, ஒரு தடவை 908 நாள் மேலேயே இருந்துவிட்டு ரன்வேயில் இறங்கியது. சீனாவுடையதும் ராக்கெட்டில்தான் போகிறது. சுற்றுப்பாதையைத் தொட்டுத் திரும்புகிற விண்விமானங்கள் எல்லாம் எதையோ பத்திரமாகக் கீழே கொண்டுவரப் பயன்படுகின்றன. மலிவாக மேலே அனுப்புவது அவற்றின் வேலையே இல்லை. நிஜமாகவே ரன்வேயில் கிளம்பி ரன்வேயில் இறங்குகிறது என்றால் நியூசிலாந்தின் அரோராவைப் பாருங்கள். 2024 நவம்பரில் ராக்கெட் எஞ்சினோடு ஒலி வேகத்தைத் தாண்டி 25 கிலோமீட்டர் உயரம் போய் வந்தது. சுற்றுப்பாதைக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கிறது. ஆனால் சின்னதாக, அடிக்கடி பறந்து கற்றுக்கொள்கிறார்கள், அந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, பிளேசான்ஸ். நம் ரன்வே 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஸ்கைலான் கேட்டது 5 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் விசேஷமாகப் பலப்படுத்திய தளம். பக்கத்து ஊர்களான மாஹேபூர்க்கையும் ப்ளூ பேயையும் வைத்துக்கொண்டு எங்கே நீட்டுவது? நாம் பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி தெற்கே இருப்பது பெரிய குறை இல்லை: பூமி சுழல்வதால் கிடைக்கிற வேகம் ரேகையில் நொடிக்கு 465 மீட்டர், நமக்கு 437. சிறு சாட்டிலைட்டுகள் பெரும்பாலும் துருவங்களுக்கு மேலே போகிற பாதையைத்தான் கேட்கும், அதற்கு இந்தச் சுழற்சியால் லாபமே இல்லை. நமக்குத் தெற்கே பெருங்கடல், அது நல்ல வசதி. கிழக்கே விட்டால் ரோட்ரீக்ஸ் தீவை ஒதுக்கிப் போக வேண்டும். நிஜமான முட்டுக்கட்டை எரிபொருள். நான் மேலே சொன்ன 100 டன் வண்டிக்கு 12 டன்னுக்கு மேல் திரவ ஹைட்ரஜன் வேண்டும். 1 கிலோவைத் திரவமாக்க மட்டும் 10 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும், அந்த வாயுவை உண்டாக்கும் செலவு தனி. நிலக்கரியும் கரும்புச் சக்கையும் எரித்து மின்சாரம் எடுக்கிற தீவில் எப்போதாவது ஒரு பயணத்துக்காக அந்த ஆலையை யார் கட்டுவார்?

மலிவாக அனுப்ப வழி இல்லாமல் இல்லை. மிர்-சாட்1 10 சென்டிமீட்டர் கனசதுரம். ஐ.நா.வும் ஜப்பானும் நடத்தும் கிபோக்யூப் திட்டத்தில் தேர்வானதால் ஏற்றிப்போய் விடுகிற செலவு நமக்கு விழவே இல்லை. காசு கொடுத்துப் போவதானாலும், பல சாட்டிலைட்டுகள் சேர்ந்து போகும் ஃபால்கன் பயணத்தில் 2020 வாக்கில் 200 கிலோவுக்கு 10 லட்சம் டாலர் என்று தொடங்கினார்கள், பிறகு கொஞ்சம் ஏறியது. இது நம் மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி: டிக்கெட் மலிவு, ஆனால் அது நிற்கிற இடத்தில்தான் இறங்க வேண்டும். குறிப்பிட்ட உயரம், குறிப்பிட்ட கோணம், குறிப்பிட்ட நாள் வேண்டுமென்றால் தனி ராக்கெட் பிடிக்க வேண்டும். 500 கிலோ வரை ஏற்றுகிற இஸ்ரோவின் எஸ்எஸ்எல்வி அந்த ரகம்தான். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் அதற்கென்றே ஒரு ஏவுதளம் வருகிறது. அங்கிருந்து இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே விடலாம், எரிபொருள் மிச்சம். விண்விமானம் என்றைக்காவது சம்பாதிக்கப் போவது இந்தச் சந்தையில்தான், முதல் கட்டமாக, தினமும் பறக்கிற அளவுக்குச் சரக்கு இருந்தால்.

உங்கள் கல்லூரிக் குழு நிஜமாகவே ஒரு கனசதுர சாட்டிலைட் செய்ய நினைத்தால் ராக்கெட்டைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். ரேடியோ அலைவரிசைக்கான சர்வதேச ஒருங்கிணைப்பு விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். எபேனில் உள்ள மொரிசியஸ் ஆராய்ச்சி புத்தாக்கக் கவுன்சிலில் மிர்-சாட்1-இன் அனுபவம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். ராக்கெட்டில் இடம் தயாராக இருந்தும் அலைவரிசைக் கடிதம் வராமல் சாட்டிலைட் பெட்டியிலேயே கிடப்பதும் உண்டு.